எட்டுப் பேர் மேசை

மே 11, சனி. சிங்கப்பூர்

விமானத்தில் இடுப்புப் பட்டை எட்டவில்லை. எனக்கு எப்போதுமே எட்டாது. பணிப்பெண்ணிடம், "எக்ஸ்ட்ரா பெல்ட் ஒண்ணு குடும்மா" என்று முன்னால் நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரியே கேட்டேன். காதோடு காதாகக் கேட்டால், நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டு ஒளிக்கிற மாதிரி ஆகிவிடும். பாளையங்கோட்டையில் இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பயிற்சிக் காரில் நான் ஏறி உட்கார்ந்தால் வண்டி இடது பக்கம் கொஞ்சம் இறங்கும். படிக்க வருகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். ரோட்டில் போன பிறகு அவர்களுக்குச் சிரிக்க நேரம் இருக்காது.

ஜெயசிங் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். முன்தலையில் முடி போய்விட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு, "எக்கா, எளைச்சுட்டியே" என்றான். பொய்தான். ஆனாலும் தம்பி சொன்ன பொய்.

இந்தப் பதினாறாம் தேதியோடு அவனுக்கும் ஹெலனுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அதைக் கொண்டாடக் கப்பல் பயணம். நாளை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குகிறோம். ஜெயசிங், ஹெலன், மகள் ஷேரன், அவளுக்கு அடுத்த பையன், ஹெலனுடைய தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஹெலனுடைய அக்கா பியூலா, அப்புறம் நான். பத்துப் பேர்.

சாப்பிட்டு முடித்ததும் ஜெயசிங் என்னைப் பால்கனிக்கு அழைத்தான்.

"எக்கா, கப்பல்ல நீயும் பியூலாவும் ஒரே ரூம். அவளால தனியா ஒண்ணும் முடியாது. வீல்சேர்லதான் இருக்கா. கட்டில்ல ஏற, பாத்ரூம் போக, எல்லாத்துக்கும் ஆள் வேணும். உன்னை நம்பித்தான் கூட்டிட்டுப் போறோம்."

"இதுக்கு ஏன்டா இவ்வளவு இழுக்க? நான் பாத்துக்கிடுதேன்."

"நீ பாத்துக்கிடுதேன்னு அவகிட்ட காட்டிக்கிடாத. கூச்சப்படுவா."

இருபத்தைந்து வருடத்தில் பியூலாவை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். சின்ன வயதில் போலியோ வந்தது. நம்மை ஒரு காரியத்துக்கென்று நம்பிக் கூப்பிடுகிறார்களே என்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

மே 12, ஞாயிறு. கப்பலில்

கப்பல் இல்லை இது, தெரு. பத்துத் தெருவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. லிஃப்ட்டிலிருந்து இறங்கினால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை.

எங்கள் அறைக்கு அகலமான கதவு, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, குளிக்க உட்கார மடக்குப் பலகை. பியூலா உள்ளே வந்ததும் வீல்சேரைக் கட்டிலுக்கு ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டாள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி ஒரு எம்பு எம்பினாள். கட்டிலில் இருந்தாள். நான் தாங்கிப் பிடிக்க நீட்டின கை நீட்டினபடி நின்றது.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல. மேல ஏசி காத்து எப்படி வருதுன்னு பாத்தேன்."

குளித்தாள். துணி மாற்றினாள். தன் பெட்டியைத் தானே அடுக்கினாள். எனக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. நடுவில் அவள்தான் என்னிடம், "தண்ணி குடிச்சீங்களா? கொஞ்சம் படுங்களேன்" என்று இரண்டு தடவை கேட்டாள். நல்ல பெண்.

இரவுச் சாப்பாடு ஐந்தாம் தளத்துப் பெரிய உணவகத்தில். எங்களுக்கு ஜன்னலோர இடம். அரைவட்டமாக ஒரு சோபா, நடுவில் தரையோடு பொருத்தின மேசை. பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் போகப் பார்த்தேன். மேசை விளிம்பு வயிற்றில் இடித்தது. அது நகரவில்லை. நானும் நகர முடியவில்லை. பின்னால் வந்து, மேசையின் திறந்த பக்கத்துக்கு ஒரு நாற்காலி கேட்டேன். கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் மரக் கை வைத்த நாற்காலி. அந்த உணவகத்தில் நான் பார்த்தவரைக்கும் எல்லாமே கை வைத்ததுதான். சரிந்து, ஒருக்களித்து, எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். சூப் வந்தது. உப்பை எடுக்க எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது.

ஹெலன் தம்பியின் சின்னப் பையன் சிரித்தான். குழந்தைதானே. ஜெயசிங் மெனு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தான். ஆர்டர் கொடுத்து முடித்த பிறகு அதில் என்ன படித்தானோ தெரியாது. ஷேரன் வந்து பின்னால் நின்று நாற்காலியை இழுத்துக் கழற்றினாள்.

இதற்குள், பியூலாவின் வீல்சேர் நடைபாதையை மறிக்கிறது என்று தட்டு தூக்கி வருகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அவளும் பின்னால் நகர்ந்து நகர்ந்து அடுத்த மேசைக்காரர் தோளை இடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெலன்தான் சொன்னாள். "மதினி, நீங்களும் அக்காவும் ரூமுக்குப் போயிருங்களேன். சாப்பாட்டை அங்க அனுப்பச் சொல்லுதேன். காலை நீட்டி நிம்மதியா சாப்பிடலாம்."

வந்துவிட்டோம். சாப்பாடும் வந்தது. மீன் நன்றாக இருந்தது. எனக்கு அவ்வளவாகப் பசியில்லை.

இதெல்லாம் எனக்குப் புதிதும் இல்லை. ஊரில் எந்தக் கல்யாணத்திலும் நான் பந்தியில் உட்காருவது கிடையாது. பரிமாறுகிற இடத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பேன். எந்த இலைக்கு என்ன வரவில்லை என்று யாராவது பார்க்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டால் தீர்ந்தது.

மே 13, திங்கள். பினாங்கு

காலையில் மேல்தளத்தில் பஃபே. அங்கேயும் கை வைத்த நாற்காலிகள். மீதி, ஏணி வைத்து ஏறுகிற உயரத்துக்கு ஸ்டூல்கள். கவுண்டர் ஓரமாக நின்று இரண்டு இட்லி சாப்பிட்டேன். இட்லி என்று எழுதிப் போட்டிருந்ததால் இட்லி.

மற்ற எட்டுப் பேரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். போகிறபோது ஜெயசிங், "எக்கா, ராத்திரியும் ரூமுக்கே சொல்லிறவா? அதானே உனக்கு சௌகரியம்?" என்றான். கதவைச் சாத்திக்கொண்டே கேட்டதால் பதில் அவனுக்குக் கேட்டிருக்காது.

மத்தியானம் பியூலா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "மதினி, இப்ப படபடப்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"என்ன படபடப்பு?"

"நெஞ்சுல வருமாமே. தனியா இருந்தா பயப்படுவீங்கன்னு ஹெலன் சொன்னா. அதனாலதான் என்னை உங்க கூட... கேட்டது தெரிஞ்சா வருத்தப்படுவாங்க, காட்டிக்காதேன்னா. நான் வாயை விட்டுட்டேன்."

எனக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது. போன மாதம்கூட டாக்டர் இசிஜி எடுத்துவிட்டு, ஓட்டுங்க வண்டியை என்றார். சொன்னேன். பிறகு ஜெயசிங் பால்கனியில் என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

பியூலா என்னையே பார்த்தாள். "நான் கட்டில்ல ஏற ஆள் வேணுமா? எனக்கா? மதினி, நான் பதினாறு வருஷமா தனி வீட்டுல இருக்கேன். சமைக்கிறேன். காலேஜுக்குக் கையால ஓட்டுற காரை ஓட்டிட்டுப் போறேன்."

"எந்த கார்?"

சொன்னாள். கிளட்ச் எப்படி என்று கேட்டேன். ஆட்டோமேட்டிக்காம். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே நெம்புகோலில். நல்ல ஏற்பாடு. கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினோம்.

திடீரென்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொள்ள அவள், அவளைப் பார்த்துக்கொள்ள நான்! கட்டில் குலுங்கச் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் பியூலா பாத்ரூமுக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். கடல் காற்றுக்கு உடனே மங்கிவிடுகிறது.

ராத்திரிச் சாப்பாடு அறைக்கு வந்தது. மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினோம்.

மே 14, செவ்வாய். லங்காவி

காலையிலேயே நானும் பியூலாவும் ஐந்தாம் தளத்துக்குப் போனோம். உணவகத்து மேற்பார்வையாளர் ஒரு பெண்மணி. சட்டையில் தேவகி என்று பெயர். மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவராம். இடையிடையே அந்த ஊர் 'லா' வந்தாலும், நம் தமிழில் பேசியதும் எனக்குப் பாதிக் களைப்புப் போய்விட்டது.

"எங்க மேசையில இன்னும் ரெண்டு இடம் வேணும்மா. எனக்குக் கை இல்லாத நாற்காலி. இவளுக்கு வீல்சேர் நுழையற மாதிரி."

தேவகி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அக்கா, உங்க பார்ட்டி எட்டுப் பேர்தானே?"

"பத்து."

"டைனிங்குக்கு எட்டுன்னுதான் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேர் ரூம்லயே சாப்பிடுவாங்கன்னு. புக்கிங் அப்பவே." அவருக்கே சங்கடமாகிவிட்டது. "கை இல்லாத நாற்காலி எங்ககிட்ட இருக்கு அக்கா. நல்லா கெட்டியானது. வீல்சேருக்கு ஏத்த மாதிரி நடுவுல வட்ட மேசையும் இருக்கு. முன்னாடியே கேட்டிருந்தா முதல் நாளே போட்டிருப்போம் லா. யாரும் கேக்கல."

ஏஜெண்டு தப்பாகப் போட்டிருப்பான். இந்த ஏஜெண்டுகளே இப்படித்தான். பியூலாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகி வேறு ஒரு யோசனை சொன்னார். தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மேசை காலியாக இருக்கிறது. இன்றைக்கே தருகிறேன், கடலும் தெரியும் என்றார். போய்ப் பார்த்தோம். நல்ல மேசைதான். கை இல்லாத நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. உட்கார்ந்தேன். உடம்பு முழுசும் அதில் உட்கார்ந்தது.

பியூலா என் முகத்தைப் பார்த்தாள். "பிடிச்சிருக்கா மதினி?"

"நாற்காலி பிடிச்சிருக்கு. இடம் பிடிக்கல." எழுந்துவிட்டேன். "நாம தனியா சாப்பிடணும்னா நாகர்கோவில்லயும் பாளையங்கோட்டையிலயும் சாப்பிட்டுக்கலாமே. இங்க நான் என் தம்பி கல்யாண நாளுக்கு வந்திருக்கேன்."

"அப்ப?"

"அப்ப, ராத்திரி அங்கதான் போறோம்."

போனோம். நான் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். எட்டுப் பேரும் சோபாவில் உட்கார்ந்து முதல் தட்டை ஆரம்பித்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் மேசையின் திறந்த பக்கத்தில் போய் நின்று, பரிமாறுகிறவரிடம் எனக்கும் சூப் கேட்டேன். கிண்ணத்தைக் கையில் வாங்கி நின்றபடியே குடித்தேன். பியூலா என் பக்கத்தில் நடைபாதையில் வீல்சேரை நிறுத்தினாள். பிரேக்கை இரண்டு பக்கமும் 'டக், டக்' என்று அழுத்திப் போட்டாள்.

"எக்கா, என்ன இது?" என்றான் ஜெயசிங்.

"சாப்பாடு."

"உக்காந்து சாப்பிடு."

"எங்க உக்கார?"

அவன் சுற்றிலும் பார்த்தான். கை வைத்த நாற்காலி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். "எல்லாரும் பாக்காங்கக்கா."

"பாக்கட்டும். டிக்கெட் எடுத்துத்தான் நிக்கேன்."

தட்டு தூக்கி வருகிறவர்கள் பியூலாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தேவகி வந்தார். நிலைமையைப் பார்த்து ஜெயசிங்கிடம் மரியாதையாகவே சொன்னார்: "சார், நடைபாதையில யாரும் இருக்க முடியாது, பாதுகாப்பு விதி. நடுவுல வட்ட மேசை இருக்கு, பத்துப் பேரும் சேர்ந்து உக்காரலாம். இப்பவே மாத்தித் தரேன்."

ஜெயசிங்கின் பையன், "அங்க விண்டோ இல்லையே" என்றான். ஹெலனின் தம்பி, "பாதி சாப்பாட்டுல எப்படி எந்திரிக்க?" என்றான். ஹெலன் தன் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. ஜெயசிங் தண்ணீர் குடித்தான்.

யாரும் எழவில்லை. பியூலாவை நடைபாதையிலிருந்து எனக்குப் பின்னால் இருந்த சந்தில் நகர்த்திவிட்டு, நான் நின்றேன். சூப், மீன், சோறு, கடைசியில் ஐஸ்கிரீம் வரைக்கும் நின்றே சாப்பிட்டேன். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பியூலா மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். மேசையில் இருந்த எட்டுப் பேரும் வேகமாகச் சாப்பிட்டார்கள்.

முழங்கால் வலிக்கவில்லை.

மே 15, புதன். புக்கெட்

முழங்காலில் ஐஸ் வைத்திருப்பது சும்மா, முன்னெச்சரிக்கைக்கு.

மற்றவர்கள் படகில் கரைக்குப் போய்விட்டார்கள். ஜெயசிங் போகவில்லை. பத்து மணிவாக்கில் எங்கள் அறைக்கு வந்தான். பியூலா, "நான் மேல போய்க் காத்து வாங்கிட்டு வாரேன்" என்று வெளியே போனாள்.

அவன் கட்டில் முனையில் உட்கார்ந்தான். என் காலைப் பார்த்தான். "வீங்கிருக்கு."

"ஏஜெண்டு தப்பாப் போட்டுட்டானாடா?" என்றேன்.

ஐஸ் பையை என் முழங்காலில் சரியாக வைத்தான்.

"எட்டுன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

ஏஜெண்டு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே பொய் அவனுக்கு ஏர்போர்ட் வரைக்கும்தான் வரும்.

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்க்கா. கப்பல்ல சேர் எல்லாம் எப்படி இருக்கும்னு நெட்டுல படம் பாத்தேன். எல்லாம் கை வச்சது. நீ வந்து நின்னு, எல்லார் முன்னாலயும்... என்னால திரும்ப அதைப் பாக்க முடியாதுக்கா."

"எதை?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "என் கல்யாணத்தன்னைக்கு."

இதை நான் இதுவரை எந்த நோட்டிலும் எழுதினதில்லை. எழுத என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் நாற்காலி. முதல் பந்தி. இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. நான் உட்கார்ந்தேன், நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. சாம்பார் வாளி ஒன்று கூடவே கவிழ்ந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. பாட்டு போட்டுக்கொண்டிருந்தவன்கூட பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நான் எழுந்து, புடவையைக் கழுவி, நேரே பரிமாறுகிற இடத்துக்குப் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா. நான் மாலையும் கழுத்துமா மேடையில நிக்கேன். இறங்கி வந்து உன்னைத் தூக்கியிருக்கணும். வரல. எனக்கு வெட்கமா இருந்துச்சு. உனக்காக இல்ல. எனக்காக." அழுதுவிட்டான்.

நாற்பத்தொன்பது வயது ஆள் அழுவதைப் பார்க்க நன்றாக இல்லை. தலையைத் தடவிக்கொடுக்கலாமா என்று கை போனது. கொடுக்கவில்லை. இப்போது தடவிக்கொடுத்தால் இதோடு முடிந்துவிடும். சாயங்காலம் அறைக்குச் சாப்பாடு வரும்.

"ஜெயசிங், அன்னைக்கு விழுந்தது நான். எனக்கு அடி பட்டுச்சு, ஆறிருச்சு. உனக்கு இன்னும் ஆறலைங்கிறதுக்காக நான் ரூமுக்குள்ள உக்காந்து சாப்பிட முடியாது."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"நாளைக்கு ராத்திரி பத்துப் பேருக்கு மேசை போடச் சொல்லு. நீயே போய்ச் சொல்லணும். பியூலாகிட்டயும் நீயே பேசணும். அவளுக்கு இல்லாத இயலாமையை நீ எங்கிட்ட சொன்ன. எனக்கு இல்லாத நோவை உன் பொண்டாட்டி அவகிட்ட சொன்னா."

"மச்சான் வீட்டுக்காரங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. அவங்களுக்கு அந்த ஜன்னல் இடம்..."

"நினைக்கட்டும். இல்லாட்டி நாளைக்கும் நான் அங்க வந்து நிப்பேன். உன் கல்யாண நாள் போட்டோ எல்லாத்துலயும் நின்னுக்கிட்டே இருப்பேன்."

எழுந்து போனான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

பியூலா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தக் கல்யாணத்தில் நான் விழுந்ததைப் பார்க்கவில்லையாம். "எப்படிப் பாப்பேன்? என்னை மணப்பொண்ணு ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. அப்ப காலுல இரும்புக் காலிபர் மாட்டித்தான் நடப்பேன், கூட்டத்துல யாராவது அதைத் தட்டி விட்டுருவாங்கன்னு. சாப்பாடு அங்கேயே வந்துச்சு. ஏதோ சத்தம் கேட்டுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, சந்தோஷமா இருக்காங்கன்னு நினைச்சேன்."

அதன்பிறகு இரண்டு பேரும் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 16, வியாழன். கடலில்

பகல் முழுக்க ஒரு தகவலும் இல்லை. ஜெயசிங்கைக் கண்ணிலும் காணவில்லை. ஹெலன் மட்டும் பதினொரு மணிக்கு வந்தாள். பியூலாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நல்லதுன்னு நினைச்சா எங்கிட்ட கேட்டிருக்கலாம் ஹெலன்" என்றாள் பியூலா. "என்னைக் கேட்காம என்னைப் பத்தி முடிவு பண்றது அம்மாவோட போச்சுன்னு நினைச்சேன்."

ஹெலன் அழுதாள். பியூலா கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் முழங்காலுக்குத் துணிப் பட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன், அதிக நேரம் நிற்க வேண்டி வந்தால் என்று. பச்சைப் பட்டு. பியூலா மெரூன் நிறத்தில் சுரிதார், காதில் பெரிய ஜிமிக்கி. "சண்டைக்குப் போற மாதிரி இருக்கு மதினி" என்றாள். "சாப்பாட்டுக்குத்தான் போறோம்" என்றேன். லிஃப்ட்டில் இரண்டு பேருமே கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தோம்.

உணவகத்து வாசலில் ஜெயசிங் கோட்டு சூட்டோடு நின்றுகொண்டிருந்தான். பியூலா முன்னால் குனிந்தான். தன் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறவர்களைப் பியூலாவுக்குப் பிடிக்காது. ஆனால் பொறுத்துக்கொண்டாள்.

"பியூலா, நான் உன்னைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிரு."

"மன்னிக்கிறதை அப்புறம் பாப்போம்" என்றாள். "இடம் இருக்கா, அதைச் சொல்லுங்க."

"இருக்கு. இந்தப் பக்கம்."

உணவகத்தின் நட்டநடுவில் பெரிய வட்ட மேசை. பத்துத் தட்டு. ஒரு இடத்தில் நாற்காலியே இல்லாமல் விட்டிருந்தார்கள். பியூலா நேரே உருட்டிக்கொண்டு போய் நின்றாள். முழங்கால் மேசைக்கு அடியில் சரியாக நுழைந்தது. அவளுக்குப் பக்கத்தில் கை இல்லாத நாற்காலி. தேவகி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க அக்கா."

நான் ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நான் யாரையும் பார்க்கவில்லை.

ஹெலன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஷேரன் எனக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஹெலன் தம்பியின் மனைவி கொஞ்சம் தயங்கிவிட்டு வந்தாள். அவள் கணவன் வரவில்லை. பழைய ஜன்னலோர சோபாவிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். ஜெயசிங்கின் பையனும் அவர்களோடு போய்விட்டான். அங்கிருந்து எங்களைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டான் பாவம்.

ஆக, நாங்கள் ஆறு பேர். நாலு தட்டு காலி. பரிமாறுகிறவர் அவற்றை எடுக்க வந்தார்.

"எடுக்காதீங்க" என்றேன். "இருக்கட்டும். இடம் இருக்குன்னு தெரியட்டும்."

சாப்பாடு வந்தது. சூப்பைக் கிண்ணத்தை மேசையில் வைத்துக் குடித்தேன். இரண்டு கையும் சும்மா இருந்தன. உட்கார்ந்து சாப்பிட்டால் கைகள் இப்படிச் சும்மா இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஷேரன் என் காதருகில், "அத்தை, நீங்க நின்னு சாப்பிட்ட அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்" என்றாள். "ஆமா, எந்திரிச்சிருக்கணும்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அப்புறம், "அந்த இறாலை இங்க தள்ளு" என்றேன்.

கேக் வந்தது. தேவகியும் நாலு பணியாட்களும் வாழ்த்துப் பாடினார்கள். ஜெயசிங்கும் ஹெலனும் வெட்டினார்கள். ஹெலன் முதல் துண்டைப் பியூலாவுக்கு ஊட்டினாள். பியூலா வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள், பிறகு திறந்தாள்.

ஜெயசிங் கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டினான். பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் திரும்பினார்கள். "எங்க வீட்டுல மூத்தவங்க எங்க அக்கா எஸ்தர். அவங்க ரெண்டு வார்த்தை பேசுவாங்க. எக்கா, எந்திரிச்சு பேசு."

எல்லா முகமும் என் பக்கம். சோபாவிலிருந்த அந்த நாலு பேரும்கூட. ஷேரன் என் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கக் கை வைத்தாள்.

"விடு" என்றேன். "உக்காந்துதான் பேசுவேன்."

ஜெயசிங் தானும் உட்கார்ந்தான்.

சத்தமாகவே பேசினேன். ரோட்டில் பஸ் ஹாரனுக்கு மேலே பேசிப் பழகின குரல் எனக்கு. "ஜெயசிங்குக்கும் ஹெலனுக்கும் இருபத்தஞ்சு வருஷம். இன்னும் இருபத்தஞ்சு நல்லா இருக்கட்டும். உங்க கல்யாணத்தன்னைக்கு நானும் சாப்பிடல, பியூலாவும் சபையில உக்காந்து சாப்பிடல. இன்னைக்கு சாப்பிட்டோம். சாப்பாடு நல்லா இருந்துச்சு."

யாரும் உடனே கை தட்டவில்லை. பியூலாதான் முதலில் தட்டினாள். அப்புறம் தேவகி.

பரிமாறுகிறவர் வந்து, "டெசர்ட்ல பழம் வேணுமா, புட்டிங் வேணுமா மேடம்?" என்று கேட்டார். இரண்டும் கொண்டுவரச் சொன்னேன்.